கூலான் குடும்பத்தின் மௌனக் கச்சேரி

டைக் ஓ கூலான் வாயைத் திறக்கவே இல்லை.

அயர்லாந்தின் மேற்குக் கோடியில் இருக்கும் கானமாராவில் அவரைப் போலப் பழம்பாட்டுச் சொல்கிறவர் வேறு யாரும் கிடையாது என்று சொல்லித்தான் ஃபியக்ரா, ஹில்டா அம்மையாரை டப்ளினிலிருந்து காரில் அழைத்து வந்திருந்தான். அயர்லாந்தின் கலைகளை வெளிநாடுகளுக்குக் கொண்டுபோகும் அரசு அலுவலகத்தில் அவனுக்கு வேலை. ஹில்டா, ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையகம் இருக்கும் பிரஸ்ஸல்ஸில் பெரிய கலைவிழா ஒன்றை நடத்துகிறவர். போன முறை ஒரு நடனக் குழுவை ஃபின்லாந்துக்கும் அவர்களுடைய காலணிகளைப் போர்ச்சுகலுக்கும் அனுப்பியவன் ஃபியக்ரா. இந்தத் தடவையும் சொதப்பினால் ஓய்வூதியப் பிரிவுக்கு மாற்றிவிடுவதாக மேலதிகாரி ஓர்லா சிரித்த முகத்தோடு சொல்லியிருந்தாள்.

சமையலறையில் டைக், தம்பி பார்ட்லி, தங்கை பார்ப்ரா மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூவருக்கும் அறுபதைத் தாண்டிய வயது. சதுப்பில் வெட்டியெடுக்கும் கரிமண்ணை எரிக்கிற அடுப்பு அணைந்து கிடந்தது. டீ கூடக் கொடுக்கவில்லை. அந்த ஊரில் அது கடன்காரனுக்கும் நடக்காத அவமானம்.

ஃபியக்ரா தனக்குத் தெரிந்த பள்ளிக்கூட ஐரிஷை எடுத்து விட்டான். அந்த மொழியில் பாட்டைப் ‘பாடு’ என்பதில்லை, ‘சொல்லு’ என்பதுதான் வழக்கம். அது அவனுக்கு நினைவிருந்ததில் அவனுக்கே பெருமை.

“பயப்படாம சொல்லுங்க, டைக். உங்க அப்பா, தாத்தா காலத்துலேருந்து செஞ்சுக்கிட்டு வர்றதுதானே? இந்த அம்மா எல்லாத்தையும் குறிச்சுக்குவாங்க.”

ஹில்டா புன்னகையோடு பேனாவைத் திறந்தார். பார்ப்ரா சிலுவை போட்டுக்கொண்டாள்.

வெட்கப்படுகிறார்கள் என்று ஃபியக்ரா முடிவு செய்தான். காரிலிருந்து விஸ்கி பாட்டிலை எடுத்து வந்து மூன்று கிளாஸில் ஊற்றினான். பார்ட்லியின் கை தானாக நீண்டது. பார்ப்ரா அந்தக் கையைப் பிடித்து அவன் மடியிலேயே திரும்ப வைத்தாள். தொண்டை நனைந்தால் பாட்டு வரும் என்று ஃபியக்ரா சொல்ல நினைத்தான். ஐரிஷில் பாட்டுக்கு என்ன வார்த்தை என்பது அந்த நேரம் பார்த்து மறந்துபோய், “குடிச்சா எல்லாம் வெளிய வந்துரும்” என்று சொன்னான். டைக் பெஞ்சில் இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளி உட்கார்ந்தார்.

கூட்டம் சேர்ந்தால் உற்சாகம் வரும் என்று அடுத்து ஒரு யோசனை. அவனே தெருவில் இறங்கி, பிரஸ்ஸல்ஸிலிருந்து அம்மா வந்திருக்கிறார், எல்லாரும் வந்து உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள் என்று வீடு வீடாகக் கதவைத் தட்டினான். பாதி வீடுகளில் ஆளிருந்தும் கதவு திறக்கவில்லை. வந்தவர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சுவரோரமாக வரிசையாக நின்றார்கள். அவர்களும் தரையைப் பார்த்தார்கள். இப்போது பேசாதவர்களின் எண்ணிக்கை கூடியதுதான் மிச்சம்.

ஹில்டா அவன் காதருகே குனிந்து, என்ன நடக்கிறது என்று கேட்டார்.

ஃபியக்ராவின் கண்ணில் ஓய்வூதியப் பிரிவின் ஜன்னலில்லாத அறை தெரிந்தது.

“ஆரம்பிச்சு ரொம்ப நேரமாச்சு, மேடம்” என்றான். “இதுதான் அந்தக் கலை. பாட்டு பிறக்கறதுக்கு முந்தின மௌனம். எல்லாருக்கும் வந்துடாது. சில குடும்பங்களுக்கு மட்டும்தான் இன்னும் கைவசம் இருக்கு.”

ஹில்டா மெல்லப் பேனாவை மூடினார். பிறகு வெகுநேரம் அசையவில்லை. கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் விழாவின் தொடக்க நாளன்று இந்தக் குடும்பம்தான் மேடையேற வேண்டும், தயவுசெய்து ஒரு ஸ்வரம்கூடச் சேர்த்துக் கெடுத்துவிட வேண்டாம் என்றார்.

அவரைக் காரில் உட்கார வைத்துவிட்டு, ஃபியக்ரா முற்றத்துக்கு ஓடி டைக்கிடம் விஷயத்தைச் சொன்னான். பிரஸ்ஸல்ஸுக்கு வர வேண்டும் என்றதும் கிழவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“வராம இருக்க வழியே இல்லையா, சார்?”

“அரசாங்கமே அனுப்புது. வரலைன்னா யாருக்குமே நல்லா இருக்காது, டைக்.”

“எத்தனை நாள் வெச்சிருப்பாங்க?”

“மூணே நாள். சாப்பாடு, தங்கறதெல்லாம் அவங்க பொறுப்பு.”

“எங்களுக்காகப் பேசறதுக்கு ஒரு ஆளைக் கூட்டிட்டு வரலாமா?”

“யாரும் எதுவும் பேச வேண்டாம். இன்னிக்கு எப்படி உக்காந்திருந்தீங்களோ, அங்கயும் அப்படியே உக்காந்திருங்க. ஒரு வார்த்தை வெளிய வரக் கூடாது. அதுல இருக்கு எல்லாம்.”

டைக் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “அப்ப நீங்க நம்ம பக்கமா?”

“பின்னே? உங்களுக்காகத்தானே இந்த அலுவலகமே இருக்கு.”

கிழவர் இரண்டு கையாலும் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். கலைஞர்களே உணர்ச்சிவசப்படுகிறவர்கள்தான் என்று ஃபியக்ரா நினைத்துக்கொண்டான். புறப்படுகிற வாரம் டைக் ஆடுகளை மச்சான் பேருக்கு எழுதி வைத்துவிட்டதாகக் கேள்விப்பட்டபோது, அந்த எண்ணம் இன்னும் உறுதிப்பட்டது.

பிரஸ்ஸல்ஸில் மூவரும் சவ அடக்கத்துக்குப் போகிற கறுப்பு உடையில் மேடையேறினார்கள். பெரிய அரங்கம், கூட்டம் வழிந்தது. முன்வரிசையில் ஹில்டா நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார். விளக்கு மூன்று முகங்களின் மேல் விழுந்தது. மூவரும் தரையைப் பார்த்தார்கள். நடுவில் ஒரு தடவை பார்ட்லியின் உதடு துடித்தது. பார்ப்ரா அவன் காலை அழுத்தி மிதித்தாள். அரங்கமே மூச்சைப் பிடித்தது. ஒரு பத்திரிகைக்காரர் விம்மியது பின்வரிசை வரை கேட்டது.

திரை விழுந்ததும் ஜனம் எழுந்து நின்று தட்டிய தட்டில் கூரை அதிர்ந்தது. டப்ளினிலிருந்து ஓர்லா போனில் வந்தாள். ஃபியக்ராவுக்குப் பதவி உயர்வு என்றாள். பாரிஸ் விழாக்காரர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, அடுத்த மாதமே இந்தக் குடும்பம் தனக்கு வேண்டும் என்றார்.

ஃபியக்ரா மேடைக்குப் பின்னால் ஓடினான். மூவரும் கோட்டைக் கழற்றாமல், பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தார்கள்.

“பிரமாதம். இதோட முடியல, உங்களைப் பாரிஸுக்கும் வரச் சொல்றாங்க” என்றான்.

டைக்கின் முகம் வெளுத்தது. பார்ப்ரா அண்ணன் தோளில் சாய்ந்தாள். அன்றுவரை ஃபியக்ராவின் எதிரில் வாயே திறக்காத பார்ட்லி ஓர் அடி முன்னால் வந்தான்.

“அப்பீலெல்லாம் வேண்டாம், சார்... ஐரோப்பா தடை போட்ட சதுப்புல அடுப்புக்குக் கரிமண் வெட்டினது நாங்க மூணு பேரும்தான், ஒத்துக்கறோம். எங்கள ஊருக்கு அனுப்பிடுங்க.”