மேல்மாடிப் பியானோ பற்றி ஒரு முறைப்பாடு

வில்லரே, மொன்றியல்
12.03.2006

மதிப்புக்குரிய ஞானேந்திரன் மச்சானுக்கு,

ரொக்ஸ்பரோவில் நீங்களும் மச்சாளும் சுகமென்று நம்புகிறேன். இங்கே நானும் உங்கள் தங்கச்சி பாலாம்பிகையும் சுகம். அவவின் முழங்கால் மட்டும் சொல்வழி கேட்பதில்லை.

உங்கள் மகன் ரதீசன் கல்யாணம் முடித்துக் குடிவர நாங்கள் இருக்கும் உங்கள் வீட்டின் மேல்மாடி வேண்டும், அங்கே இருப்பவரை எழுப்ப எழுத்தில் ஒரு முறைப்பாடு தா என்று கேட்டிருந்தீர்கள். எழுதுகிறேன். மேலே இருக்கும் செலீன் ஹெயிட்டிக்காரி, ஆஸ்பத்திரித் தாதி. வேலையால் வந்து ஆறு மணிக்குப் பியானோவில் ஒரே இசைத்துண்டை எட்டுத் தடவை வாசிப்பார். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பொறுக்கமாட்டாமல், வீடு கூட்டும் தும்புத்தடியால் தலைக்கு மேலே முகட்டில் தட்டினேன். வாசிப்பு நின்று, பிறகு என் தட்டின் வேகத்துக்கே தொடங்கியது. கோபத்தில் நான் இன்னும் தட்ட, முகட்டுப் பூச்சு பெயர்ந்து கணவாய்க்கறிக்குள் விழ, செலீன் இறங்கி வந்து, "மெர்சி, நன்றி, சரியான வேகம் அதுதான். நீங்களும் சங்கீதக்காரரா?" என்றார். பிரெஞ்சில் எனக்கு "ஓம்" மட்டும்தான் சரளம், அதையே சொன்னேன். அதனால் அந்தச் சனிக்கிழமை, அவருடைய தங்கை வயலின் வாசிக்க, செலீனுக்கு இசைத்தாளில் பக்கம் புரட்டும் வேலை எனக்கு வந்தது. இரண்டு பக்கத்தை ஒன்றாகப் புரட்டிவிட்டேன். தங்கை ஒரு பக்கத்தில், அக்கா இன்னொரு பக்கத்தில்.

பிறகு தேநீர் தந்தார்கள். வாசித்த இசையை எழுதியது யாரென்று என் அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டேன். சான்-ஜோர்ஜாம். கரீபியன் தீவான குவாதலூப்பில் ஒரு அடிமைத் தாய்க்குப் பிறந்து, இருநூறு வருடத்துக்கு முன் பாரிஸில் வயலினிலும் வாள்வீச்சிலும் பெயரெடுத்த கறுப்பர். "கறுப்பு மோட்சார்ட்" என்று சொல்வார்களாம்.

"அவ்வளவு பெரிய ஆளுக்கு ஏன் இன்னொருவரின் பெயர்?" என்றேன்.

பியானோ மூடியைச் சாத்திக்கொண்டே செலீன் சொன்னார். பாரிஸ் ஒப்பெரா என்ற இசைநாடக அரங்கின் தலைமை அவருக்குக் கிடைக்க இருந்ததாம். இப்படிப்பட்டவரின் சொல்லுக்கு அடங்கமாட்டோம் என்று பாடகிகள் சிலர் அரசிக்கு மனு எழுத, அது கிடைக்காமல் போனதாம்.

"மனுவில் என்ன காரணம் போட்டார்கள்?"

"தங்கள் கௌரவம், தங்கள் மென்மையான மனச்சாட்சி."

மச்சான், உங்களுக்கு எழுதத் தொடங்கிய முறைப்பாடு அப்போது என் சட்டைப்பையில் இருந்தது. அதில் நான் காரணமாகப் போட்டிருந்தது "குடும்ப நிம்மதி". தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுக் கீழே இறங்கி வந்தேன்.

பாலாம்பிகையிடம் சொன்னேன். "அப்ப உள்ளதை எழுதுங்கோவன்," என்றா. "அந்தச் சத்தம் உங்களுக்கு நிக்கோணுமோ?"

"தெரியேல்லையப்பா," என்றேன்.

ஆகவே உள்ளது இதுதான்: ஆறிலிருந்து ஏழு மணிவரை சத்தம் உண்டு. ஐந்தே முக்காலுக்கே நான் டிவியை நிறுத்திவிடுகிறேன்.

மச்சாளுக்கும் ரதீசனுக்கும் எங்கள் அன்பு. இந்தப் பனிக்காலம் ஒருவரும் வழுக்கி விழாமல் கழியட்டும்.

உங்கள் தங்கை புருஷன்,
தியாகலிங்கம்

பி.கு.: நேற்று ரதீசன் வீட்டை அளக்க வந்தான். ஒரு மணித்தியாலம் படியில் இருந்து வாசிப்பைக் கேட்டுவிட்டு, மேலே போய், தன் கல்யாணத்தில் வந்து வாசிக்க முடியுமோ என்று கேட்டிருக்கிறான். செலீனும் தங்கையும் சம்மதம். அழைப்பிதழை அவர்களுக்கு இதே மேல்மாடிக்கா, வேறு விலாசத்துக்கா அனுப்புவது என்பதை மட்டும் நீங்கள் எழுதுங்கள்.