கனெக்டருக்கு நிறம் பார்த்தவர்

"அஞ்சுக்கு மூணுதான்" என்று போடிமெட்டிலிருந்து ரேடியோவில் குரல் வந்ததும் தங்கபாண்டிக்கு முகம் தொங்கிப்போனது.

மழையில் மலைச்சாலை சரிந்து செல்போன் செத்துப்போனால், மேலே இருக்கும் எஸ்டேட்டுகளோடு பேச போடியில் ஓர் அமெச்சூர் ரேடியோ நிலையம் வேண்டும். யாருடைய நிலையம் என்பதை இன்று பகல் பன்னிரண்டுக்குள் முடிவு செய்யப்போகிறவர், அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரான, மெட்டில் உட்கார்ந்திருக்கும் ரேடியோ சங்கச் செயலாளர் முத்துக்கண்ணன். குரல் தெளிவுக்கு அஞ்சுக்கு அஞ்சு வாங்க வேண்டும். இல்லாவிட்டால் பொறுப்பு பொட்டிபுரம் தவசிக்குப் போய்விடும். தங்கபாண்டியோ வாசலில் மாட்டப் பெயர்ப்பலகையே எழுதி வாங்கிவிட்டார்.

"ஒங்க கனெக்டரு தேஞ்சிருச்சுண்ணே. தரமான சரக்கா போடணும். கண்டதையும் போட்டா இப்படித்தேன்" என்று ஆரம்பித்த முத்துக்கண்ணன், பத்து நிமிடம் பாடம் எடுத்தார். பாடம் எடுப்பதில் அவருக்கு மூச்சு வாங்கியதே கிடையாது.

ரேடியோப் பெட்டியின் பின்னால், ஏரியல் கேபிளின் முனையில் இருந்த கனெக்டரைத் தங்கபாண்டி கழற்றிப் பார்த்தார். வெள்ளி முலாம் பூசியது, கறுத்திருந்தது. வெள்ளி கறுத்தாலும் வேலை கெடாது என்று அவருக்குத் தெரியாமலில்லை. பரீட்சை எழுதித்தானே லைசென்ஸ் வாங்கினார்! ஆனால் இருபது வருஷமாக ஏலக்காய்க்கு நிறம் பார்த்துத் தரம் பிரிக்கிற மனிதர். பச்சை மங்கினால் இரண்டாம் தரம், கறுத்தால் கழிவு. அந்தக் கண்ணிலிருந்து கனெக்டர் மட்டும் தப்புமா?

உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தார். வெள்ளி போய்ப் பித்தளை பல்லைக் காட்டியது. மரையும் சேர்ந்து தேய்ந்ததில் மாட்டினால் நிற்காமல் ஆடியது.

"இப்ப எப்படிண்ணே இருக்கு?" என்று ரேடியோவில் தானே வலியக் கேட்டார் முத்துக்கண்ணன்.

"நீங்கதான சொல்லணும்!"

"அஞ்சுக்கு ரெண்டு."

தங்கபாண்டி டப்பாவில் கிடந்த புதுக் கனெக்டர்களை, ஏலக்காய் ஏலத்தில் சாம்பிள் கொட்டுவதுபோல எவர்சில்வர் தட்டில் கொட்டினார். உள்ளங்கையில் உருட்டினார். மோந்துகூடப் பார்த்தார். கடைசியில் பளபளவென்று மின்னிய ஒன்றைப் பொறுக்கினார்.

"அது கனமே இல்லியே, தகரம் மாதிரில்ல இருக்கு" என்றாள் மனைவி வீரலட்சுமி.

"நெறத்தைப் பாரு லட்சுமி, நெறத்தை! இது மொதத் தரம்."

கேபிளில் வைத்து ஈயம் உருக்கிப் பற்றவைத்தார். மொதத் தரத்துக்குள் இருந்த பிளாஸ்டிக்கும் சேர்ந்து உருகி, நடுக்கம்பி சாய்ந்துகொண்டது. கட்டிங் பிளேயரால் அதை நிமிர்த்தி, பெட்டியில் மாட்டினார். கை இறுக்கம் போதாதென்று அதே பிளேயரால் ஒரு முறுக்கு முறுக்கினார். பெட்டியின் சாக்கெட்டே கையோடு வந்துவிட்டது.

மணி பதினொன்றே முக்கால்.

"ஹலோ, மெட்டுல கேக்குதா? ஹலோ!"

இரைச்சல்கூட வரவில்லை.

தங்கபாண்டிக்கு அழுகை வந்தது. "ஊரெல்லாம் சொல்லிட்டேனே லட்சுமி. அந்தத் தவசி மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"அழுது என்ன ஆகப்போகுது? வெரசா போனப் போட்டு ஒரு மணி நேரம் தவணை கேளுங்க."

மானத்தைத் தூரப் போட்டுவிட்டு, செல்போனில் கூப்பிட்டார். முத்துக்கண்ணனின் மனைவி ரேணுகா எடுத்தார்.

"தாயி, என் கனெக்டரு மட்டமானதுதான். ஒத்துக்கிறேன். ஒரு மணி நேரம் மட்டும் பொறுக்கச் சொல்லுங்க."

"அவரு கூரை மேல ஏறி நிக்கிறாருண்ணே" என்றார் ரேணுகா. "போன மழைக்கே எங்க கனெக்டருக்குள்ள தண்ணி எறங்கி யாரு பேசுனாலும் சரியாக் கேக்கல, அதை வெளிய சொன்னா செயலாளருக்குக் கௌரவக் கொறச்சல்னு கூப்பிட்ட பதினோரு பேருகிட்டயும் 'ஒங்க கனெக்டரு தேஞ்சிருச்சு'ன்னு சொல்லிட்டு, இப்பத்தேன் எங்களதை மாத்திக்கிட்டிருக்காரு."