எந்த பிளாக்கில் இருக்கு சாவி?

“உன்னாலே எனக்கு ரெண்டு பிளாக் போச்சு” என்றார் என் கணவர்.

நான் செய்த குற்றம் இவ்வளவுதான். ஹாலில் ராத்திரி முழுக்க உறுமிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரின் ஸ்விட்சைக் காலையில் எழுந்ததும் அணைத்தேன். அதற்குத்தான் இந்தக் குற்றப்பத்திரிகை. “உன்னாலே எனக்கு ரெண்டு பிளாக் போச்சு. முழுசா ரெண்டு பிளாக்.” இரண்டாம் தடவை சொல்லும்போது குரல் தழுதழுத்தது. ஒரே பெண்ணைப் புனே ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்தபோதுகூடத் தழுதழுக்காத குரல்.

டில்லி ஆர்.கே.புரத்தில் குடியிருப்பவர்களுக்கு பிளாக் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. அடுக்கடுக்காக சர்க்கார் வீடுகள், மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி, அந்தத் தண்ணீருக்காக அடித்துக்கொள்ளும் குடும்பங்கள். நாங்களே ஒரு பிளாக்கில்தான் இருக்கிறோம். எட்டிப் பார்த்தேன். எதிர் பிளாக் இருந்த இடத்திலேயே இருந்தது. பக்கத்து பிளாக்கும் இருந்தது. அதன் பால்கனியில் ஒரு சர்தார்ஜி பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“எல்லாம் அங்கங்கேதானே இருக்கு. எது போச்சுங்கறேள்?”

“உனக்குப் புரியாது.”

என்னிடம் சொல்லக் கூடாத வாக்கியங்கள் மூன்று உண்டு. அதில் முதல் இரண்டும் இதுதான். கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள் நான். கடவுளைத் தவிர வேறு யாரையும் விசாரிக்காமல் நம்பக் கூடாது என்பது அவர்கள் பழக்கம். எனக்கு அந்தப் பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது.

கம்ப்யூட்டர், எங்கள் பெண் ஷ்ருதி படிப்பதற்காக வாங்கியது. அவள் புனேக்குப் போனதும் பழைய திரைச்சீலையில் உறை தைத்து அதை மூடி வைத்தேன். அது பாட்டுக்குச் சாதுவாக இருந்தது. மே மாதம் பிறந்ததும் சேஷு, அதாவது என் கணவர், உறையைக் கழற்றினார். மறுநாள், எங்கள் படுக்கை அறை ஜன்னலில் இருந்த கூலரை ஹாலுக்குத் தள்ளிக்கொண்டு போனார். ஏன் என்று கேட்டேன். கம்ப்யூட்டருக்குச் சூடு ஆகாதாம்.

எனக்கு ஆகுமாம்.

வீட்டில் இருப்பது ஒரே ஒரு கூலர். வெளியே அனல் காற்று. டில்லி வெயிலில் ஒரு பெண்பிள்ளை படுக்கை அறையில் வெந்துகொண்டிருக்க, ஹாலில் வெட்டிவேர் மணக்க மணக்க ஒரு தகரப் பெட்டிக்குக் குளிர் காற்று. கூலருக்குப் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றுவது மட்டும் நான்.

ஒரு ஆண்பிள்ளை கூலரை விட்டுக்கொடுக்கிறார் என்றால் அதில் ஏதோ இருக்கிறது. கண்ணையும் காதையும் தீட்டி வைத்துக்கொண்டேன்.

காதுக்குத்தான் முதலில் தீனி கிடைத்தது. கிட்வாய் நகர் பாலசுப்ரமணியத்தோடு சேஷு போனில் பேசிக்கொண்டிருந்தார். பாலு இவருடைய ஆபீஸ் சிநேகிதர். இவர் தும்மினால் அவர் கைக்குட்டை எடுப்பார்.

“உனக்குச் சாவி கிடைச்சுதா? இங்கேயும் இல்லேடா. நேத்திக்கு எவ்வளவு பிளாக் பார்த்தாச்சு தெரியுமா? எங்கேயோ ஒரு பிளாக்லே இருக்கத்தானே வேணும். மாதுங்காக்காரன் கையிலே சிக்கறதுக்கு முன்னாடி நாம பிடிச்சுடணும்.”

நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு வானிலைக்குத் தாவியது.

பிளாக். சாவி. பம்பாயிலிருந்து போட்டிக்கு ஒரு ஆள். கூட்டிப் பார்த்தேன். இவருக்கு ரிடையராக அதிக நாள் இல்லை. ரிடையரானால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். மனுஷர் எனக்குத் தெரியாமல் எங்கேயோ ஃபிளாட் பார்க்கிறார். என் பெயரிலேயே டில்லியில் ஒரு பேட்டை இருக்கிறது. அங்கே ஒரு வீடு பாருங்கள் என்று நான் சொன்னபோது, ‘எனக்கு ஒரு ரோஹிணியே தாங்கலை’ என்றவர் இவர். இப்போது ரகசியமாகப் பார்க்கிறார் என்றால், அந்த வீட்டில் நான் இருப்பேனா என்பதே சந்தேகம்.

பாலுவின் மனைவி மங்களத்துக்குப் போன் போட்டேன். அங்கேயும் அதே லட்சணம். ஊஞ்சல் மாதிரி ஆடும் ஒரே டேபிள் ஃபேனைக் கம்ப்யூட்டருக்கு முன்னால் வைத்திருக்கிறாராம். சாவி சாவி என்று அவர் புலம்பியதைக் கேட்டு, பீரோ சாவிதான் தொலைந்துவிட்டது என்று மங்களம் அரிசி டின்னைக்கூடக் கவிழ்த்துத் தேடியிருக்கிறாள். சாவி கிடைக்கவில்லை. அரிசியில் வண்டு கிடைத்தது.

சனிக்கிழமை மத்தியானம், சேஷு மோர் சாதத்தில் கை வைத்ததும் கேட்டேன்.

“எந்த செக்டர்?”

“என்ன செக்டர்?”

“பிளாக் பிளாக்கா சாவி தேடறேளே, அது எந்த செக்டர்லே? பேரு யார் பேர்லே?”

அவர் சிரிக்க ஆரம்பித்தார். மோர் புரையேறியது. தலையில் தட்டினேன், வேண்டியதைவிடக் கொஞ்சம் பலமாகவே தட்டினேன். தெளிந்ததும் சொன்னார்.

அமெரிக்காவில் யாரோ ஒரு வாக்கியத்தை எழுதி, எவராலும் படிக்க முடியாதபடி பூட்டி வைத்து, முடிந்தால் திறந்து பாருங்கள் என்று உலகத்துக்குச் சவால் விட்டிருக்கிறார்கள். அதைத் திறப்பது ஒரு நீளமான எண். அதுதான் சாவி. கோடி கோடி கோடி எண்களில் ஒன்று. ஒரு கம்ப்யூட்டர் தனியாகத் தேடினால் யுகம் போதாது. அதனால் ஊர் ஊராக ஜனங்கள் தங்கள் வீட்டில் சும்மா இருக்கும் கம்ப்யூட்டரை இந்த வேலைக்குத் தானம் கொடுக்கிறார்கள். எண்களைக் கட்டுக் கட்டாகப் பிரித்து ஒவ்வொருவருக்கும் அனுப்புவார்கள். ஒரு கட்டுக்குப் பெயர் பிளாக். இவரும் பாலுவும் வேறு சிலரும் சேர்ந்து ‘தலைநகர்த் தமிழர்’ என்று ஒரு அணி, இவர்தான் தலைவர். எதிரி, பம்பாய் மாதுங்காத் தமிழர் அணி. யார் அதிக பிளாக் முடிக்கிறார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பட்டியல் வரும். இவர்கள் மாதுங்காவுக்கு ஒரே ஒரு படி கீழே.

“சாவி கிடைச்சா, அந்த வாக்கியம் என்னவாம்?”

“தெரியாது. அதுக்குத்தானே தேடறோம்.”

“அதை எழுதினவனுக்குத் தெரியுமோல்லியோ?”

“தெரியும்.”

“அவனையே கேட்டா சொல்ல மாட்டானா?”

சேஷு என்னைப் பார்த்த பார்வையில், மொத்தத் தலைநகர்த் தமிழர்களும் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

நான் நம்பவில்லை. மங்களத்தைக் கேட்டேன். பாலுவும் வார்த்தை பிசகாமல் இதையே சொல்லியிருக்கிறார். இரண்டு ஆண்பிள்ளைகள் ஒரே கதையைச் சொன்னால் ஒன்று அது நிஜம், அல்லது நன்றாகப் பேசி வைத்துக்கொண்டது. இப்படியொரு கதையைக் கட்டுகிற மூளை இரண்டு பேருக்கும் கிடையாது என்பதால் நிஜம் என்று ஒப்புக்கொண்டோம்.

சரி, தேடட்டும். கூலரை என் அறைக்குக் கொண்டு வாருங்கள் என்றேன். மாதுங்காவைத் தாண்டியதும் கொண்டு வருகிறேன் என்றார். மாதுங்காவில் கடல் காற்று, அவாளுக்குக் கூலரே வேண்டாம், பின்னே ஏன் முந்தமாட்டா என்று கேட்டேன். அது ரொம்ப சாதுவான புரோகிராம், நாம் கம்ப்யூட்டரைத் தொட்டால் உடனே ஒதுங்கி வழி விட்டுவிடும், யாரும் வேலை செய்யாதபோது மட்டும்தான் ஓடும் என்று பெருமைப்பட்டார். சும்மா இருப்பதை எல்லாம் தானம் கொடுக்கலாம் என்றால் முதலில் யாரைக் கொடுப்பேன் என்று எனக்குத் தெரியும். வாங்கிக்கொள்ள ஆள் வேண்டுமே.

எந்தச் சாமான் வந்தாலும் அதோடு வரும் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படிக்கிறவள் நான். மிக்ஸிக்கும் படித்தேன், பிரஷர் குக்கருக்கும் படித்தேன். கம்ப்யூட்டரோடு வந்த புத்தகம் கட்டிலுக்கடியில் பாலித்தீன் உறை பிரிக்காமல் கிடந்தது. உலகத்தின் பூட்டையெல்லாம் உடைக்கிற மனுஷர், சொந்தப் பெட்டியின் புத்தகத்தைப் பிரிக்கவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் மலை மந்திர் முருகன் கோவிலுக்குப் போயிருந்தபோது பிரித்தேன். நல்ல இங்கிலீஷ். கம்ப்யூட்டர் எழுந்திருக்கும்போதே பாஸ்வேர்டு கேட்கும்படி செய்யலாம் என்று ஒரு அத்தியாயம். செய்தேன். மறுபடி ஓட விட்டேன். அது பாட்டுக்கு பிளாக் தின்றுகொண்டிருந்தது.

பிறகு காத்திருந்தேன். டில்லியில் மே மாதம் கரண்ட் போவதற்குக் காத்திருக்க, பெரிய பொறுமை ஒன்றும் வேண்டாம். சாப்பாட்டுத் தட்டைக் கழுவுவதற்குள் போயிற்று. அரை மணியில் வந்தது. சேஷு ஓடிப் போய் ஸ்விட்சைப் போட்டார். கறுப்புத் திரை. நடுவில் ஒரு கட்டம். பாஸ்வேர்டு.

என் பெயரைப் போட்டார். ஷ்ருதி பெயரைப் போட்டார். கல்யாண நாளைப் போட்டார். அதுவும் தப்பான நாள். போனில் பாலுவைக் கூப்பிட்டார்.

“நம்ம சாவி இல்லேடா. இது ரோஹிணி போட்டது. ஆமா, அவளேதான். எப்படின்னு எனக்கென்ன தெரியும்?”

நேரு பிளேஸ் கம்ப்யூட்டர் கடையிலிருந்து ஒரு ரிப்பேர் பையா வந்தால் பெட்டியைத் திறந்து ஒரு நொடியில் சரி செய்துவிடுவான் என்று பாலு சொல்லியிருக்க வேண்டும். சேஷு பதறினார். வேண்டாம், விஷயம் எப்படியாவது மாதுங்கா வரை போய்விடும் என்றார். அமெரிக்காக்காரன் பூட்டை உடைக்கிற அணியின் தலைவர், வீட்டுக்காரி போட்ட பூட்டுக்கு மிஸ்திரி வைத்தார் என்று.

போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தார். சாயங்காலம் பட்டியல், முடித்த பிளாக்கெல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது என்றார். எனக்குச் சூட்டில் எதுவும் ஞாபகம் வருவதில்லை என்றேன்.

அச்சா என்று ஒரே வார்த்தை. கூலரை அவரே தள்ளிக்கொண்டு வந்தார். அவரே ஜன்னலில் ஏற்றினார். தண்ணீரையும் அவரே பக்கெட் பக்கெட்டாக ஊற்றினார். வெட்டிவேர் வாசனை அறை முழுக்கப் பரவியது. நான் தலையணையைத் தட்டிப் போட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

“ரோஹிணி, பாஸ்வேர்டு” என்றார்.

கூலர் நன்றாகத்தான் ஓடியது. கண்ணை மூடினேன்.

“முழுசா வேண்டாம். முதல் எழுத்து மட்டும்.”

வெளியே ஒரு குல்ஃபிக்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். கதவோரத்தில் அவர் செருப்புச் சத்தம் கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்தது, கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்தது.

“எத்தனை எழுத்துன்னாவது சொல்லேன், ரோஹிணி.”