வெட்டுக்கிளிக்குக் காது எங்கே?

குலசேகரம்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மைத்துனன் எபிசனுக்கு அத்தான் சுந்தர்சிங் எழுதுவது.

ஆண்டவர் கிருபையால் நானும் உன் அக்கா ஜெபகுமாரியும் மகள் ஸ்மைலினும் தோட்டத்துப் பூச்சிகளும் சுகம். உன் வீட்டிலும் அவ்வண்ணமே இருக்க ஜெபிக்கிறேன். நிற்க. நீ கொண்டுவந்த பேச்சிப்பாறை மாப்பிள்ளை ஜெபிஷ் நமக்கு வேண்டாம். காரணத்தைப் படித்தால் 'அத்தான் சொன்னதுதான் சரி' என்று நீயே சொல்வாய்.

ஞாயிறு ஆராதனை முடிந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா பேபி பச்சைப் பட்டு உடுத்திக்கொண்டு செம்பருத்திப் பக்கம் உட்கார்ந்தது முதல் தவறு. அது என் தவறல்ல. ஸ்மைலின் டீ கொடுத்துவிட்டு நகர்ந்ததும் பார்க்கிறேன், அந்த அம்மாளின் தோளில் ஓர் இலை வெட்டுக்கிளி, அசல் வெற்றிலை மாதிரி! மின்வாரியத்தில் முப்பது வருடம் கம்பத்தை அண்ணாந்தே பார்த்த நான், ஓய்வுக்குப் பிறகு குனிந்து பார்த்து எட்டு மாதமாகத் தேடும் பூச்சி. "அனங்காதீங்க, அப்படியே இருங்க, அது பெட்டையாக்கும், பின்னால முட்டையிடுற வாள் இருக்கு பாருங்க!" என்றேன், நல்ல எண்ணத்தில்தான். வாள் என்றதும் அவர் எழும்பிய வேகத்தில் தட்டம் கவிழ்ந்து, முந்திரிக்கொத்து முற்றமெல்லாம் உருண்டு, அவர் கணவர் செருப்பை ஓங்க, நான் அவர் கையைப் பிடிக்க, பூச்சி பெஞ்சுக்கடியில் பாய, "ஒருத்தரும் கால வைக்கப்படாது!" என்று நான் போட்ட சத்தத்தில் எல்லோரும் ஒற்றைக்காலில் நின்றார்கள்.

இதுவரை என்மேல் குறை உண்டா? மாப்பிள்ளை வெள்ளைப் பேண்டோடு முட்டி போட்டு என்னோடு பெஞ்சுக்கடியில் நுழைந்தான். நுழைந்தவன் சும்மா இருக்கவேண்டாமா? பூச்சியைப் பிடித்துப் பாட்டிலில் போட்டு, "மீசைக்குக் கீழ இருக்குல்லா, அதாக்கும் இதுக்குக் காது" என்று நான் சபைக்கு விளக்கும்போது, "இல்ல மாமா, காது முன்னங்கால்லயாக்கும்" என்கிறான். காலில் காது! ஸ்மைலின் வாசலில் நின்று சிரிக்கிறாள். இன்று பூச்சியின் காதைக் காலில் வைத்தவன் நாளை மாமனாரை எங்கே வைப்பான்?

அன்றிலிருந்து உன் அக்கா என்னோடு பேசுவதில்லை. பூச்சி பார்ப்பதற்கு அமைதி நல்லதுதான். நீ இன்றே அவர்களைக் கூப்பிட்டு, மனம் நோகாமல் இல்லை என்று சொல்லிவிடு.

லிஜாவுக்கும் பிள்ளைகளுக்கும் கர்த்தர் நீடித்த சுகத்தையும், உங்கள் முருங்கைக்கு நிறையக் கம்பளிப்பூச்சியையும் அருளுவாராக.

இப்படிக்கு,
அத்தான் சுந்தர்சிங்

பி.கு.: ஒட்டப்போன கவரை ஸ்மைலின் பிடுங்கிப் படித்துவிட்டாள். "அப்பா, அந்தப் பூச்சிய அவங்க தோளுல விட்டதே நானாக்கும். முன்ன வந்த மூணு பேருக்கும் ஒவ்வொரு பூச்சி விட்டேன், எல்லாவனும் வாசல் கேட்டைத் தாண்டி ஓடினானுவ. இவரு ஒருத்தருதான் உங்ககூட முட்டி போட்டாரு. எனக்கு இவரு போதும்" என்றாள். எனக்கும்தான். பேபி அம்மாள் நேற்றே போன் செய்து சம்மதம் சொல்லிவிட்டார்களாம். நிச்சயத்தைத் தோட்டத்தில் வைக்கக் கூடாது, அவ்வளவுதானாம். உன் அக்கா பேசாததால் எனக்குத் தெரியவில்லை. ஆகவே மேலே எழுதியதை நீ படிக்கவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். காது காலில்தான் இருக்கிறது. மாப்பிள்ளையிடம் நீ சொல்லவேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன்.