அஞ்சாளை வளர்க்கும் மருமகன்

“கடிக்காது மாமா. தைரியமா வாங்க.”

நான் ஒன்றும் கேட்கவில்லை. வாசலில் குனிந்து செருப்பைத்தான் கழற்றிக்கொண்டிருந்தேன்.

மீன் வளர்க்கிறவர்களில் இப்படி ஒரு தனி இனம் உண்டு. தங்க மீன் வளர்க்கிறவர் பாவம், சாது. நான் சொல்வது அஞ்சாளைக்காரரை. அஞ்சாளை தெரியாதா? கடலுக்குள் பாறைப் பொந்தில் கிடக்கும். பாம்பாகலாமா மீனாகலாமா என்று யோசித்து, முடிவெடுக்காமலே வளர்ந்துவிட்ட மாதிரி ஒரு உடம்பு. அதை வீட்டுக்குள் கொண்டு வந்து, தண்ணீரில் உப்புக் கரைத்து, சூடு பார்த்து, ஒளிந்துகொள்ளக் குழாய் போட்டு, ஐஸ்பெட்டியில் பால் வைக்கிற இடத்தில் அதற்குத் தீனியாகக் கணவாய் மீனை வைத்து, வந்தவர் கையில் டீயைக் கொடுத்த கையோடு, “இதுக்குத் தொண்டைக்குள்ள இன்னொரு தாடை இருக்கு, தெரியுமா?” என்று ஆரம்பிப்பார். அப்புறம் டீ இறங்குமா?

அவர் விரலில் எப்போதும் ஒரு கட்டு இருக்கும்.

“என்ன மாப்ள, கடிச்சிடுச்சா?”

“சேச்சே! தப்பு என் மேலதான். அது தூங்கி எந்திரிச்ச நேரத்துல கையை விட்டுட்டேன்.”

இந்த லட்சணத்தில் என் மகளுக்குக் குழந்தை பிறந்தது. பேத்தி! அவள் அழகை எழுத ஆரம்பித்தால் முடிப்பதற்குள் மீன் செத்துவிடும், அதனால் விடுகிறேன். மூக்கு என்னுடையது. அதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தே மகள் சொல்லிவிட்டாள்: “அந்தத் தொட்டி இருக்கற வீட்டுக்குப் பாப்பாவத் தூக்கிட்டு வர மாட்டேன்.”

“மூடி டைட்டா இருக்கும்மா” என்றார் மாப்பிள்ளை.

“போன தடவையும் டைட்டாத்தான் இருந்துச்சு. என் செருப்புக்குள்ள கிடந்துச்சு.”

“அது வழி தெரியாம...”

“அதுவா, நாங்களான்னு முடிவு பண்ணுங்க.”

மாப்பிள்ளை முகம் சுருங்கிப்போயிற்று. ராத்திரியெல்லாம் யோசித்தாராம். கிளம்புகிற அன்று, “எல்லாம் சரி பண்ணிட்டேன், வாங்க” என்றார். நாங்களும் நம்பி, வண்டி பிடித்துப் போனோம்.

தொட்டி வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. பக்கத்தில் புதுத் தொட்டில். தொட்டிலுக்குக் கம்பிவலை மூடி! நாலு பக்கமும் கொக்கி! மூடி மேல் பாரத்துக்கு ஒரு செங்கல்! அதற்கும் ரோஸ் கலர் துணி சுற்றியிருந்தார்.

“அது வெளிய வந்தாலும் உள்ள போக முடியாது. பாப்பாவும் தப்பிச்சு வெளிய வர முடியாது. ரெண்டு பேருக்கும் பாதுகாப்பு” என்றார், பாராட்டை எதிர்பார்த்து.

மகள் செங்கல்லைப் பார்த்தாள். பிறந்து வாரம் ஆகாத பிள்ளையைப் பார்த்தாள்.

“அப்பா, வந்த வண்டி போயிடுச்சா பாருங்க.”

போகவில்லை. அப்படியே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டோம். பேத்தி என் அறையில் தூங்குகிறாள். இதில் எனக்கு வருத்தமா என்று மட்டும் கேட்காதீர்கள்.

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. உங்கள் வீட்டில் தொட்டி இல்லை, சரி. ஆனால் யாரோ ஒருவர் வெடுக்கென்று கடிக்கும்போதெல்லாம், “தப்பு என் மேலதான்” என்று கையைப் பின்னால் மறைத்துக்கொள்கிறீர்களா? எதற்கும் ஒரு தடவை விரலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்று காலை கதவைத் தட்டினார்கள். மாப்பிள்ளைதான். கண்ணெல்லாம் சிவந்து, இளைத்து, பார்க்கவே பரிதாபமாக இருந்தார். காலடியில் மூடி போட்ட பெரிய டிரம் ஒன்று. உள்ளே ஏதோ தண்ணீரை அடித்தது.

“பாப்பாவப் பாக்காம என்னால இருக்க முடியல மாமா. அதாலயும் முடியல. நீங்க பக்கெட்லதானே குளிப்பீங்க, பாத்ரூம்ல இருக்கற அந்தக் குளிக்கற டப் சும்மாதானே கிடக்கு?”