வழக்கில் உள்ள இரண்டு சாண் மண்

ஒரு காட்டில் வற்றாத குளம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதனால் பக்கத்துக் காடு, அதற்கும் பக்கத்துக் காடு என்று எங்கிருந்தெல்லாமோ பிழைக்க வந்தவை அங்கேயே தங்கிவிட்டன. கரையில் வால் நீட்டிப் படுக்க இடமில்லை. குரங்குகள் வாலைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கின, நானே பார்த்திருக்கிறேன். திங்கட்கிழமை குடிவந்த கீரி, செவ்வாய்க்கிழமை வந்த அணிலைப் பார்த்து, "வெளியூர்க்காரங்க வந்துதான் ஊரே கெட்டுப்போச்சு" என்றது.

அங்கே செங்கமலம் என்றொரு ஆமை. அவள் புருஷன் வேலப்பன். போன வருஷம் செங்கமலம் கரையில் புதைத்த ஏழு முட்டையும், தண்ணீருக்கு வரிசையில் நின்ற மான்களின் காலடியில் கூழாகிவிட்டன. இந்த வருஷம் மறுபடி வயிறு கனத்திருந்தது. யாரும் மிதிக்காத இரண்டு சாண் மண், அவள் கேட்டது அவ்வளவுதான்.

"இருக்கே" என்று வந்து நின்றது புரோக்கர் நரி மாசிலாமணி. "அமைதி நகர். குளத்திலேருந்து பத்தே நிமிஷம்."

"யார் நடந்து பார்த்தது?" என்றான் வேலப்பன்.

"சிறுத்தை."

வேறு வழியில்லை. பரம்பரையாக வெயில் காய்ந்த பாறையை மனைக்கு விலையாக நரிக்கு எழுதிக்கொடுத்துவிட்டு இருவரும் கிளம்பினார்கள். பத்து நிமிஷம் பதினோரு நாளாயிற்று. வழியெல்லாம் முயல், பன்றி, முள்ளம்பன்றி என்று குடும்பம் குடும்பமாக மூட்டை முடிச்சோடு அவர்களைத் தாண்டிப் போயின. எங்கே என்று கேட்டால், "கூட்டம் தாங்கலைங்க, அமைதி நகருக்கு" என்றன எல்லாம்.

போய்ச் சேர்ந்தால் குளத்தங்கரையே தேவலை. பதினோரு நாள் காலியாகக் கிடந்த இவர்கள் மனையை அக்கம்பக்கம் நடுத்தெருவாகவே ஆக்கியிருந்தது. செங்கமலம் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே ஒரு யானை, அவள் ஓட்டுக்கு நாலு விரற்கடை தள்ளிக் காலை ஊன்றிவிட்டுப் போனது.

"அக்கா, இது எங்க இடம்" என்றாள், அடுத்து வந்த எருமையிடம்.

"இருக்கட்டும்மா. தூக்கிக்கிட்டா போறோம்? நடந்துதானே போறோம்."

அப்படிச் சொன்ன எருமை, எதிரே புல் மண்டிக் கிடந்த ஒரு மனையை மட்டும் சுற்றிக்கொண்டு போனது. ஒரு வாய் மேயவில்லை.

"அதை மட்டும் ஏன்க்கா மிதிக்கலை?"

"போர்டைப் பார்க்கலையா? வழக்கு நிலுவையில் இருக்காம். காலை வச்சா சாட்சிக்குக் கூப்பிடுவாங்க. எங்க மாமனார் ஒரு வாய் புல்லுக்கு முப்பது வருஷம் கோர்ட்டுக்கு நடந்தாரு."

செங்கமலம் புருஷன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, உங்க மேல ஒரு கேஸ் போடலாம்னு இருக்கேன்."

"நான் என்ன தப்புப் பண்ணேன்?"

"இனிமேதான் பண்ணணும்."

ஆந்தை நீதிபதி பகலில்தான் விசாரிப்பார், அதாவது தூங்குவார். "ரெண்டு சாணும் என்னுது" என்றாள் செங்கமலம். "பொய் சொல்றா" என்று சொல்லிவிட்டு வேலப்பன் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டான். நீதிபதி ஒற்றைக் கண்ணைத் திறந்து வழக்கை ஒத்திவைத்தார். அன்றே போர்டு ஏறியது. மறுநாள் அதே யானை, தூக்கிய காலை அந்தரத்தில் நிறுத்தி, போர்டை எழுத்துக்கூட்டிப் படித்து, நாலு தெரு சுற்றிக்கொண்டு போனது. செங்கமலம் குழி தோண்டி ஏழு முட்டை இட்டாள்.

ஒவ்வொரு வாய்தா முடிந்ததும் வேலப்பன் கேட்பான்: "இன்னைக்குத் திட்டினது போதுமா?"

"காரம் பத்தலை. நீங்க திட்டினா ஜட்ஜுக்கே நம்ம மேல பாசம் வந்துடுது."

அவள் பயந்தபடியே ஆயிற்று. குஞ்சு பொரிய நாலு நாள் இருக்கையில் நீதிபதி இரண்டு கண்ணையும் திறந்துவிட்டார். "நல்ல குடும்பமாத் தெரியறீங்க. ஆளுக்கு ஒரு சாண் வச்சுக்குங்க. நாளைக்குத் தீர்ப்பு."

தீர்ப்பு வந்தால் போர்டு இறங்கும். போர்டு இறங்கினால் யானை வரும். அப்போதுதான் வேலப்பன், கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக, கழுத்தை முழுசாக வெளியே நீட்டினான்.

"ஐயா, அந்த மண்ணுல இன்னும் ஏழு பேருக்குப் பங்கு இருக்கு. அவங்களை விசாரிக்காம எப்படித் தீர்ப்பு?"

"எங்கே அவங்க?"

"இன்னும் பிறக்கலைங்க."

நீதிபதி முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "அப்போ அவங்க மேஜராகட்டும்" என்று கண்ணை மூடிக்கொண்டார். ஆமைக்கு மேஜர் வயது நாற்பது.

ஏழும் பொரிந்தன. அமைதி நகரில் இன்றைக்கு அமைதியான இடம் அந்த இரண்டு சாண்தான். அதில் ஏழு குஞ்சும் ஓடிப்பிடித்து விளையாடுகின்றன. ஒரு ஆட்டம் முடிய ஒரு வாரம். போன மாதம் முயல் தன் மாமியார் மேல் வழக்குப் போட்டிருக்கிறது. நரி மாசிலாமணி இப்போது வக்கீல்.

நீதி: ஒற்றுமையாக இருக்கும் குடும்பம் மிதிபடும்; வழக்காடும் குடும்பத்துக்கு இரண்டு சாண் மண்ணாவது மிஞ்சும்.