மாமாவின் மூடிய உறை

2024 செப்டம்பர் 8, ஞாயிறு, பிற்பகல் 4 மணி 20 நிமிடம். நேற்றைய ஓட்டத்தில் புறப்பட்டவர்கள் 163. வந்து சேர்ந்தவர்கள் 163. பரிசு பெற்றவர்கள் 0.

மதிப்புக்குரிய டோர்லைஃப் மாமாவுக்கு, அக்காள் மகன் ஹால்வார் வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மலைக்குடிலில் உங்களுக்கு மீன் கிடைக்கிறது என்றும் கூரை ஒழுகவில்லை என்றும் நம்புகிறேன். நலம் விசாரிப்பது இத்துடன் முடிந்தது. நேற்று பரிசளிப்புக்கு முன்னால் நீங்கள் காரை எடுத்துக்கொண்டு கிளம்பியது முறையில்லை. அங்கே தொலைபேசி எடுக்காது என்று தெரிந்துதான் போயிருக்கிறீர்கள். அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். புதன்கிழமை அத்தை ரொட்டியோடு இதையும் கொண்டுவருவார்.

முதலில் நேற்றைய கோளாறுகள். ஏனென்றால் எல்லாவற்றுக்கும் நானும் என் கருவிகளும்தான் காரணம் என்று ஊரில் பேச்சு. காலை ஒன்பதே முக்காலுக்கு ஊர்க்கூடத்துப் பெண்கள் வாஃபிள் சுடும் அச்சுகள் நான்கையும் ஒரே சமயத்தில் மாட்டியதில் ஃபியூஸ் போயிற்று, நேரம் பதியும் பெட்டி மாற்று பேட்டரியில் ஓடியது, இரண்டு அச்சுகளையாவது எடுங்கள் என்று நான் கேட்கப் போனதற்கு ஓட்டம் நின்றாலும் வாஃபிள் நிற்காது என்று பதில் வந்தது, சரி என்று திரும்பி வந்து பத்து மணிக்கு எல்லோரையும் அனுப்பிவைத்தால், ஏழாவது கிலோமீட்டரில் ஒரு எல்க் மான் குட்டியோடு வந்து நேரம் பதிய நான் தரையில் விரித்திருந்த விரிப்பின் மேலேயே நாலு நிமிடம் நின்றிருக்கிறது, முன்னால் வந்த பதினோரு பேரும் அதன் எதிரே மரியாதையாக வரிசையில் நின்றிருக்கிறார்கள், அந்தப் பதினோரு பேரும் நாலு நிமிடத்தைக் கழித்துக் கொடு என்று என் மேசையைச் சுற்றிக்கொண்டார்கள். கழித்துக் கொடுத்தேன். அது வெறும் கணக்கு. நான் எழுத வந்தது அதைப் பற்றி இல்லை.

நான் எழுத வந்தது உறையைப் பற்றி. விதியை உங்களுக்கே விளக்குவது அபத்தம். ஆனால் குற்றச்சாட்டு என்றால் முதலிலிருந்து எழுத வேண்டும். நம் ஏரிச்சுற்று ஓட்டத்தில் முதலில் வந்தவருக்குக் கைதட்டல் மட்டும்தான். பரிசான உப்பிட்ட ஆட்டுத்தொடை, நீங்கள் முன்கூட்டியே எழுதி உறையில் மூடி வைத்திருக்கும் ரகசிய நேரத்துக்கு மிக அருகில் ஓடி முடித்தவருக்கு. அவர் பெயர் கூடத்துப் பலகையில் ஏறும். அடுத்த வருடம் அவர் நம் குழுவிலும் உட்கார வேண்டும். இதுவரை பத்தொன்பது ஓட்டங்கள், பத்தொன்பது உறைகள்.

பழைய முடிவுகளை இணையத்தில் ஏற்றலாம் என்று போன வாரம் எடுத்து வைத்தேன். பத்தொன்பதில் பதினேழு தடவை, வென்றவரின் நேரமும் உங்கள் ரகசிய நேரமும் ஒரு விநாடிகூட வித்தியாசமில்லாமல் ஒன்றாக இருக்கின்றன. நூற்றறுபது பேர் ஒன்றரை மணி நேர இடைவெளியில் வந்து சேரும் ஓட்டத்தில் அப்படிப் பொருந்துவது நூற்றுக்கு மூன்று நான்கு தடவை நடக்கலாம். பொருந்தாத இரண்டு வருடங்களிலும் நீங்கள் 3ஐ 8 என்று படித்திருக்கிறீர்கள். கண்ணாடியை மறந்திருப்பீர்கள். ஒவ்வொரு வருடமும் பரிசளிப்புக்கு முன் முடிவுத் தாளோடு நீங்கள் கழிப்பறைக்குப் போய் ஏழு நிமிடம் இருப்பதை, வயதாகிவிட்டது பாவம் என்றுதான் ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது.

அதைத்தான் நேற்று கூடாரத்தில் கணினியைத் திறந்து காட்டிக் கேட்டேன். நீங்கள் மறுக்கவில்லை. "ஏண்டா, உன் பெட்டிக்குத் தெரியாதது ஊர்ல ஒண்ணு இருக்குன்னு எரியுதா உனக்கு?" என்றீர்கள். ஏமாற்று வேலையை ஏமாற்று வேலை என்றுதான் சொல்வேன் என்றேன். சட்டைப் பையிலிருந்து உறையை எடுத்து என் கையில் வைத்து, "அப்ப இந்த வருஷம் நீயே எழுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். உள்ளே வெற்றுத்தாள்.

வெளியே 163 பேர் காத்திருந்தார்கள். கருவி பழுது, முடிவைத் திங்கள் பகல் பன்னிரண்டு மணிக்குக் கூடத்துக் கதவில் ஒட்டுகிறேன் என்று அறிவித்தேன். என் கருவி ஒரு தடவைகூடப் பழுதானதில்லை. ஆனாலும் அப்படிச் சொன்னதும் எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி. இரண்டு பேர் என் முதுகில் தட்டிக் கொடுத்தார்கள். நான் ஊர் திரும்பிய இந்த இரண்டு வருடத்தில் யாரும் அப்படிச் செய்ததில்லை.

இன்று காலையிலிருந்து வென்றவர்களின் பெயர்களை ஆராய்ந்தேன். சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தீர்களா என்று பார்த்தேன். இல்லை. யாரிடமாவது உதவி பெற்றுக்கொண்டீர்களா? அதற்கும் தடயம் இல்லை. 2009இல், வந்து ஏழு மாதமாகியும் யாரும் வீட்டுக்குக் கூப்பிடாத புதிய பாதிரியார். 2014இல், கணவர் இறந்த முதல் இலையுதிர்காலத்தில் ஓடிய போர்கில் அம்மாள். 2017இல், நம் மொழியில் பதினோரு வார்த்தை மட்டுமே தெரிந்த லித்துவேனியத் தச்சர். வயது, வேகம், தொழில் எதிலும் ஒற்றுமை கிடையாது. 2022இல் என் பெயர். என் நேரம் 1:29:46. உறையிலும் 1:29:46. ட்ரோன்ஹைம் நகரத்திலிருந்து நான் திரும்பி வந்த வருடம். நானாக வந்தேனா, வர வேண்டியதாயிற்றா என்பது இங்கே தேவையில்லை. சீரான வேகத்தில் ஓடியதால் கிடைத்தது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த வருடத்தைப் பற்றி மேலே எதுவும் எழுதவில்லை. சம்பந்தப்பட்டவன் சாட்சி சொல்லக் கூடாது.

என் முடிவு இது. நாளை அந்தக் கதவில் யார் பெயரும் வராது. இந்தக் கணக்குதான் வரும். பலகை கழற்றப்படும். நீங்கள் குழுவிலிருந்து விலக வேண்டும். அடுத்த வருடம் முதல் ரகசிய நேரத்தை இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கணினி தேர்ந்தெடுக்கும். நீங்கள் இதைப் படிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். ஊர் உங்களை என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். அதற்கு நான் பொறுப்பில்லை.

குடிலில் குளிர் ஆரம்பித்திருக்கும். விறகு போதாவிட்டால் அத்தையிடம் சொல்லி அனுப்புங்கள், நான் கொண்டுவருகிறேன். உங்களுக்கு நீண்ட ஆயுளும் நல்ல மீனும் அமைய வேண்டும்.

உங்கள் மருமகன்,
ஹால்வார்

பின்குறிப்பு, மாலை 6 மணி 5 நிமிடம். கடிதத்தை அத்தையிடம் கொடுத்தேன். என்னைக் கேட்காமலே பிரித்து, அடுப்படியில் நின்றபடியே கடைசி வரி வரைக்கும் படித்தார்.

"மாமா கக்கூஸ்ல போயி எழுதறது மட்டும்தான் உனக்குத் தெரியும். அதுக்கு முன்னாடி அரை மணி நேரம் காபி மேசைகிட்ட நிப்பாரே, அதைப் பாத்திருக்கியா? யாரு தனியா நின்னு குடிச்சிட்டு, கோப்பையக் கழுவி வச்சிட்டுப் போறாங்கன்னு பாப்பாரு. உன் பட்டியல்ல அதுக்கு ஒரு கட்டம் இருக்கா?"

இல்லை என்றேன்.

"அப்புறம் என்னடா பட்டியல் அது."

நேற்று அப்படி நின்றது யார் என்று கேட்டேன். தான் நாள் முழுக்க வாஃபிள் சுட்டுக்கொண்டிருந்ததாகவும், வெளியே நின்றவன் நான்தான் என்றும் சொன்னார். அது உண்மை. யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, மாமா. அர்ன்ஃபின். ஜூனில் இருபத்திரண்டு மாடுகளையும் விற்றுவிட்டாரே, அவர்தான். 2 மணி 11 நிமிடம் 38 விநாடி, 149ஆவது இடம். மூன்று தடவை என் மேசைக்கு வந்தார். நேரம் பதியக் காலில் கட்டும் சில்லு எத்தனை கிராம் என்றார். விரிப்பைச் சுருட்ட ஆள் வேண்டுமா என்றார். கடைசித் தடவை, "இப்பவும் அஞ்சு மணிக்கு முழிப்பு வந்துடுது. எந்திரிச்சு என்ன பண்றதுன்னுதான் தெரியல" என்றார். மூன்று தடவையும் எல்லாம் இணையப் பக்கத்தில் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். பிறகு என் வண்டிக்குப் பின்னால் நின்று காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஆகவே நான் செய்யப்போவது:

1. உறையில் 2:11:41 என்று எழுதி ஒட்டுவேன். மூன்று விநாடி தள்ளி இருக்க வேண்டும், மாமா. நீங்கள் மாட்டிக்கொண்டதே பிசகில்லாமல் எழுதியதால்தான். அதைவிட அருகில் வேறு யாரும் வரவில்லை என்று சரிபார்த்துவிட்டேன்.

2. பழைய முடிவுகளை இணையத்தில் ஏற்ற மாட்டேன். கோப்பு கெட்டுவிட்டது என்பேன். ஊர் சந்தோஷமாக நம்பும்.

3. அடுத்த வருடம் பாதைக்கு அடையாளக் கூம்பு வைக்கும் வேலையை அர்ன்ஃபினிடம் கொடுப்பேன். அது விடியற்காலை வேலை. இதுவரை ஒருவரும் ஒத்துக்கொண்டதில்லை.

4. 2022ஐப் பற்றி உங்களிடம் கேட்க மாட்டேன். நீங்களாகவும் சொல்ல வேண்டாம்.

5. பகல் பன்னிரண்டு வரை காத்திருக்காமல், நாளைக் காலை ஐந்து மணிக்கே ஆட்டுத்தொடையைத் தூக்கிக்கொண்டு போய் அர்ன்ஃபின் கதவைத் தட்டுவேன். காபி கொடுத்தால் உட்கார்ந்து குடிப்பேன்.